ஐந்து குடும்பங்கள், ஒரே வீடு, ஏழு நாட்கள்: செலவையும் வேலையையும் எப்படிப் பங்கிடுவது?

நடுப்பிள்ளை எழுதியது:

வணக்கம். எங்கள் பெற்றோருக்கு நாங்கள் நான்கு பிள்ளைகள். ஆளுக்கொரு ஊரில் வாழ்வதால், கோடை விடுமுறையில் ஒரு வாரமாவது எல்லாரும் சேர்ந்திருக்க வேண்டும் என்று சென்ற ஆண்டு ஒரு பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கினோம். அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, அவர்களுடைய 12, 9, 6 வயதுப் பிள்ளைகள், அக்கா, அத்தான், 17, 13 வயதில் இருவர், நான், என் கணவர், ஒன்றரை வயதுக் குழந்தை, அம்மாவின் தங்கையான சித்தி, சித்தப்பா, அவர்களுடைய மகன், மருமகள், இன்னும் திருமணமாகாத தம்பி. ஆக மொத்தம் 19 பேர்.

சண்டை என்று சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. ஆனால் ஊர் திரும்பிய பிறகு, ஒவ்வொருவராகத் தனித்தனியே தொலைபேசியில் அழைத்து மனக்குறையைச் சொல்லத் தொடங்கினார்கள். மொத்தச் செலவை ஐந்தாகப் பிரித்து, பெற்றோரை விட்டுவிட்டு, குடும்பத்துக்கு ஒரு பங்கு என்று வைத்திருந்தோம். அதன்படி தம்பி ஒற்றை ஆளாக ஐந்தில் ஒரு பங்கு கொடுத்துவிட்டு, ஏழு இரவும் கூடத்து சோபாவில் படுத்திருக்கிறான். அண்ணி ஒரு நாள் கூட அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை என்பது அண்ணனின் குறை; தான்தான் எல்லாப் பாத்திரத்தையும் கழுவியதாக அக்கா சொல்கிறாள். அப்பாவுக்கு மாடி அறை கிடைத்ததால் முழங்கால் வலியோடு ஏறி இறங்கினார். அதையும் எங்களிடம் அவர் சொல்லவில்லை, அம்மா சொல்லித்தான் தெரியும்.

இந்த ஆண்டும் போக வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஏற்பாடு என் பொறுப்பில் வந்திருக்கிறது. உறவுக்குள் கணக்குப் பேசுவது அசிங்கம் என்று நினைக்கும் குடும்பம் எங்களுடையது. அன்பும் கெடாமல், யாருக்கும் நெருடலும் இல்லாமல், செலவையும் வேலையையும் பிரிப்பதற்கு அனுபவப்பட்டவர்கள் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

உறவுக்குள் கணக்குப் பேசுவது அசிங்கம் என்று சொல்கிறீர்கள். ஆனால் பேசாமல் விட்ட கணக்குதான் இப்போது தொலைபேசி வழியாக உங்களைத் தேடி வருகிறது. முன்கூட்டிப் பேசிவிட்டால் அது ஒரு மணி நேர வேலை.

முதலில் சாப்பாட்டுச் செலவையும் வாடகையையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். இரண்டுக்கும் நியாயம் வேறு. சாப்பாட்டைத் தலைக்கணக்கில் போடுங்கள். பெரியவர்களுக்கும் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கும் ஒரு பங்கு, 5 முதல் 12 வயது வரை அரைப் பங்கு, அதற்குக் கீழே இருப்பவர்களுக்குப் பங்கு இல்லை என்று வைத்துக்கொண்டால், அண்ணன் வீட்டுக்கு மூன்றரை, அக்காவுக்கு நான்கு, உங்களுக்கு இரண்டு, சித்தி வீட்டுக்கு நான்கு, தம்பிக்கு ஒன்று. பெற்றோரின் இரண்டு பங்கை அவர்கள் பெற்ற நால்வரும் ஆளுக்கு அரையாக ஏற்பதுதான் முறை. சித்தி வீட்டின் மேல் அதைச் சுமத்தக் கூடாது. மொத்தம் பதினாறரை. இதில் உங்கள் தம்பிக்கு வருவது ஒன்றரை, அதாவது பதினொன்றில் ஒரு பங்கு. சென்ற ஆண்டு அவர் கொடுத்தது ஐந்தில் ஒரு பங்கு. அவருக்கு ஏன் கசந்தது என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

வெளியே உணவகத்துக்குப் போகும்போது மட்டும் சமப் பங்கு வேண்டாம். யூரி க்னீசி உள்ளிட்ட மூன்று பொருளியலாளர்கள் 2004இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பில்லைச் சமமாகப் பிரிப்போம் என்று தெரிந்தவுடன் மக்கள் கூடுதல் விலையில் வரவழைத்துச் சாப்பிட்டார்கள். அதே மக்களிடம் எந்த முறை வேண்டும் என்று முன்னதாகக் கேட்டபோது, 80 விழுக்காட்டினர் அவரவர் பில்லை அவரவர் கட்டுவதையே விரும்பினார்கள். அதாவது, பெரும்பாலோர் விரும்பாத ஒரு முறையைக் கூச்சத்தின் காரணமாக எல்லாரும் கடைப்பிடிக்கிறோம்.

இனி அறைகள். குளியலறையோடு சேர்ந்த கீழ்த்தள அறையைப் பெற்றோருக்கு ஒதுக்கிவிட்டு, அதைப் பேச்சிலேயே சேர்க்காதீர்கள். மற்ற அறைகளுக்கு முதலில் சமமான விலை வையுங்கள். ஓர் அறையை இரண்டு குடும்பம் கேட்டால் அதன் விலையைச் சற்று ஏற்றி, யாரும் கேட்காத அறையின் விலையை அதே அளவு இறக்குங்கள். கூட்டுத்தொகை மாறாது. ஒரு கட்டத்தில் ஒவ்வொருவரும் வெவ்வேறு அறையைக் கேட்கும் நிலை வரும். அப்படிப்பட்ட ஒரு விலைப் பிரிவு பொதுவாக எப்போதும் இருக்கும் என்பதைப் பிரான்சிஸ் சூ என்ற கணிதவியலாளர் 1999இல் நிறுவிக் காட்டியிருக்கிறார். கூடத்து சோபாவுக்கு என் கணக்கில் விலை பூஜ்யம்தான். அதில் படுப்பவரிடம் வாடகை வாங்குவதற்கு எந்தத் தேற்றமும் துணை வராது.

மூத்த மருமகள் எழுதியது:

பணக் கணக்கு எளிது, ஐயா. அது தாளில் அடங்கிவிடும். வேலைக் கணக்குதான் அடங்காது, ஏனென்றால் பாதி வேலை கண்ணுக்கே தெரிவதில்லை. அண்ணி அடுக்களையிலேயே இருந்தார் என்பதும் உண்மையாக இருக்கும், அக்காவே எல்லாப் பாத்திரத்தையும் கழுவினார் என்பதும் அவர் மனத்தளவில் உண்மையாகவே இருக்கும். மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979இல் கணவன் மனைவியரைத் தனித்தனியே அழைத்து, வீட்டு வேலைகளில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டார்கள். இருவர் சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலும் முழு அளவைத் தாண்டிவிட்டது. பொய் சொன்னார்கள் என்று பொருளல்ல. தான் செய்தது நினைவில் நிற்கிறது, மற்றவர் செய்ததை நாம் பார்ப்பதே இல்லை. இரண்டு பேருக்கே இப்படியென்றால், 13 பெரியவர்களின் கணக்கைக் கூட்டினால் எங்கே போய் நிற்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

பதினெட்டு ஆண்டுகளாக இப்படிப்பட்ட கூடல்களில் அடுக்களையில் நின்றவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: "உதவட்டுமா?" என்ற சொல்லை இந்த ஆண்டு தடை செய்துவிடுங்கள். உதவுகிறேன் என்று வருபவர் காய் நறுக்கிவிட்டுப் போய்விடுவார். என்ன சமைப்பது, என்ன வாங்குவது, குழந்தைகளுக்குத் தனியாக எடுத்து வைத்தோமா, மாமனாருடைய மாத்திரைக்கு முன் சாப்பாடு ஆயிற்றா என்ற யோசனை முழுவதும் ஒரே தலையில்தான் இருக்கும். அதனால் வேளையையே முழுதாக ஒரு குடும்பத்திடம் ஒப்படையுங்கள். திட்டமிடுவதிலிருந்து கடைசிக் கரண்டியைக் கழுவித் துடைத்து வைப்பது வரை அந்த வேளை அவர்களுடையது. மற்றவர்கள் அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது, குறை சொல்லவும் கூடாது. தம்பி மாதிரி தனி ஆள் இருந்தால், 17 வயதுப் பிள்ளையோடு சேர்த்து ஒரு வேளையைக் கொடுங்கள். இருவரும் சேர்ந்து சமைப்பது சுமாராக இருந்தாலும், அதைத்தான் பிள்ளைகள் பல ஆண்டுகள் சொல்லிச் சிரிப்பார்கள்.

சிலர் பிந்தி எழுவார்கள் என்பதற்காகச் சமைத்ததை மேசையிலேயே மூடி வைக்கும் பழக்கம் பெரிய கூட்டங்களில் உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. வெயில் 32 பாகையைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். கோடையில் 19 பேருக்கும் ஒன்றாக வயிறு கெட்டால், வேலைப் பட்டியல் எதற்கும் உதவாது.

இன்னொரு வேலையை எல்லாரும் மறப்பார்கள்: குழந்தைக் காவல். அந்த வீட்டில் நீச்சல் குளமோ பக்கத்தில் நீர்நிலையோ இருந்தால், பெயர் சொல்லி ஒருவரை அரை மணி நேர முறை வைத்து அமர்த்துங்கள்; அவர் கையில் கைப்பேசி இருக்கக் கூடாது. பத்துப் பேர் கரையில் இருக்கிறார்களே என்ற தைரியம்தான் ஆபத்து. நீரில் மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்துவதும் இல்லை, கையை ஆட்டுவதும் இல்லை, சத்தமின்றியே போய்விடும். ஒன்றரை வயதுக் குழந்தை இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சோபாக்காரன் எழுதியது:

உங்கள் தம்பியின் இடத்தில் நானும் இருந்திருக்கிறேன். பணம் கூடப் பெரிதில்லை. திருமணமாகாதவன் என்பதால் எல்லா நேரமும் ஓய்வாக இருப்பவன் என்ற எண்ணம்தான் வலிக்கும். நிலையத்துக்குப் போய் அழைத்து வருவது, மருந்து வாங்கி வருவது, பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காட்டுவது எல்லாம் கேட்காமலேயே என் பங்காகிவிடும். காலை ஆறு மணிக்குக் கூடத்தில் யாராவது விளக்கைப் போட்டுவிடுவார்கள். வாடகை வேண்டாம் என்று சொல்வதோடு நிறுத்தாமல், கதவு சாத்திக்கொள்ளக்கூடிய ஓர் இடத்தை அவருக்குக் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். சிறிய அறையானாலும் போதும்.

பேத்தி எடுத்தவர் எழுதியது:

நான் சற்று மாறுபடுகிறேன். கணக்குப்பிள்ளை சொன்னதில் பிழை இல்லை, ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்கவில்லை. ஏழு நாட்கள் என்று முடிவு செய்தது யார்? எல்லாரும் போக வேண்டும் என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொருவரும் அதை யார் முன்னால் சொன்னார்கள்?

ஜெர்ரி ஹார்வி என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1974இல் தம் குடும்பத்தில் நடந்த ஒன்றை எழுதினார். டெக்சாஸ் மாநிலத்தின் கோல்மன் என்ற சிற்றூரில், 40 பாகை வெயில் அடித்த ஒரு பிற்பகலில், நால்வர் வீட்டுத் திண்ணையில் நிம்மதியாக விளையாடிக்கொண்டிருந்தார்கள். அபிலீன் நகரத்துக்குப் போய்ச் சாப்பிட்டு வரலாமா என்று மாமனார் கேட்க, ஒருவர் பின் ஒருவராகச் சரி என்றார்கள். குளிர்சாதனம் இல்லாத காரில் 85 கிலோமீட்டர் போய், சுமாரான சாப்பாட்டைச் சாப்பிட்டு, நான்கு மணி நேரம் கழித்துப் புழுதியோடு திரும்பிய பிறகுதான் நால்வரில் ஒருவருக்கும் போக விருப்பமில்லை என்பது தெரிந்தது. யோசனை சொன்ன மாமனாரே மற்றவர்களுக்குச் சலிப்பாக இருக்குமே என்றுதான் கேட்டாராம். அபிலீன் முரண் என்று இதற்குப் பெயரே வந்துவிட்டது. மற்றவரின் மனம் நோகக் கூடாது என்ற நல்லெண்ணம் நிறைந்த குடும்பங்களில்தான் இது மிகுதியாக நடக்கிறது. மாடி ஏறிய உங்கள் அப்பா வாய் திறக்கவில்லை என்பதைப் படித்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

ஆகவே எல்லாரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள். தனித்தனியே, எத்தனை நாள் இருக்க விருப்பம், எது இல்லாவிட்டால் நிம்மதி என்று கேளுங்கள். சித்தியின் மருமகளிடம் அவர் மாமியார் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்துக் கேளுங்கள். ஏழுக்குப் பதில் நான்கு நாள் என்று பலர் சொல்வார்கள் என்பது என் ஊகம். வருவதற்கும் போவதற்கும் ஆளுக்கொரு நாள் வைத்துக்கொள்ளவும் விடுங்கள்.

எல்லா நேரமும் 19 பேரையும் ஒன்றாக வைத்திருக்கவும் முயல வேண்டாம். ஒரே பேச்சில் கலந்துகொள்பவர்கள் சுமார் நான்கு பேருக்கு மேல் போனால் அது தானாகவே இரண்டாகப் பிரிந்துவிடும் என்பது மானிடவியலாளர் ராபின் டன்பார் கண்டது. வட்டமாக உட்கார்ந்தால் இருவர் பேசுவார்கள், பதினேழு பேர் கைப்பேசி பார்ப்பார்கள். பிற்பகலை விட்டுவிடுங்கள், தூங்குபவர் தூங்கட்டும். என் வீட்டில் சிறந்த பேச்செல்லாம் துணி மடிக்கும்போது இரண்டு பேருக்கு நடுவில்தான் நடந்திருக்கிறது.

பேரப்பிள்ளைகளை அப்பா அம்மாவிடம் ஒவ்வொருவராக அனுப்புங்கள். எமரி பல்கலைக்கழகத்தின் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் இருவரும், தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், பெற்றோர் எப்படிச் சந்தித்தார்கள் என்பது போன்ற 20 கேள்விகளைப் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தார்கள். குடும்பக் கதை அதிகம் தெரிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும் அதிகம் இருந்தது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் 12 வயதுப் பேரன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டால், வலியை மறைக்கும் தாத்தாவுக்கும் அது ஒரு மருந்துதான்.

நடுப்பிள்ளை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பேத்தி எடுத்தவர் சொன்னபடி இரண்டு நாட்களாகத் தனித்தனியே பேசினேன். அண்ணனும் சித்தியும் மட்டும்தான் ஏழு நாள் என்றார்கள். மற்றவர்கள் நான்கு அல்லது ஐந்து. ஐந்து என்று வைத்து, சித்தி குடும்பம் விரும்பினால் ஒரு நாள் முன்னதாக வரலாம் என்று முடிவாயிற்று. சித்தியின் மருமகள், தனக்குச் சமையல் பிடிக்காது, ஆனால் கணக்கு முழுவதையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. பதினாறரைப் பங்குக் கணக்கை அவளிடமே ஒப்படைத்துவிட்டேன்.

அண்ணிக்கு ஒரே ஒரு வேளைதான் வருகிறது. முதலில் நம்பவில்லை; மீதி நேரம் என்ன செய்வது என்று கேட்டார். அதற்கு எனக்கும் பதில் தெரியவில்லை.

தம்பிக்குச் சிறிய அறை ஒன்றைச் சொன்னேன். சோபாவே போதும், ஆனால் இந்த முறை விலை பூஜ்யம் என்பதை எழுத்தில் கொடு என்று கேட்டிருக்கிறான். காலை எட்டு மணிக்கு முன் கூடத்து விளக்கைப் போடக் கூடாது என்பதையும் அதில் சேர்த்துவிடப் போகிறேன்.