மறு: டால் ஹவுஸுக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்? பொம்மை வீடா, சிற்றிலா?

எல்லாருக்கும் வணக்கம். இந்த இழையில இதுவரைக்கும் வந்த சொல்லு எல்லாத்தையும் படிச்சேன், பொம்மையகம், பாவையகம், குறுவீடு, பொம்மை மனை, மாதிரி வீடு, குடில்னு நிறைய வந்திருக்கு, கொள்ளாம், ஆனா டால் ஹவுஸை கையில வச்சு வேலை செய்யுற எனக்கு இதுல மனசுக்குப் பொருந்துறது ஒண்ணுதான், அது சிற்றில், சின்ன வீடுங்கற பழைய சொல்லு. பொம்மை வீடுங்கற சொல்ல விட்டுறணும்னு நான் சொல்லல. கடையில பிளாஸ்டிக்ல விக்கிற, பிள்ளைங்க உருட்டி விளையாடுற வீட்டுக்கு அது அப்படியே இருக்கட்டும். நான் கேக்குறது அளவு பாத்துக் கட்டி, உள்ள சாமான் போட்டு, பழசானா பழுது பாத்து, வருஷக்கணக்கா வச்சிருக்கிற வீட்டுக்கு.

ரெண்டையும் எதுக்குப் பிரிக்கணும்னு சென்னை ஐயா கேட்டிருந்தீங்க. பிரிச்சே ஆகணும் ஐயா, ஏன்னா இந்த வகை வீடு ஆரம்பத்துலயே பிள்ளைங்களுக்குன்னு செஞ்சது கிடையாது. பவேரியாவுல ஐந்தாம் ஆல்பிரெக்ட்னு ஒரு டியூக் 1550கள்ல ஒண்ணு செய்ய வச்சாரு, அது பின்னாடி தீயில போயிருச்சு. ஹாலந்துல பெட்ரோனெல்லா ஊர்ட்மன்ங்கற பணக்கார அம்மா 1686ல இருந்து 1710 வாக்குல வரைக்கும் சேத்து வச்ச வீடு இன்னைக்கும் ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ்மியூசியத்துல இருக்கு, அது பெரிய அலமாரிக்குள்ள அறை அறையா இருக்கிறது, பிள்ளைங்க கை வைக்கிற சாமானே இல்ல. அப்புறம் இங்கிலாந்து ராணி மேரிக்காக 1921ல இருந்து 1924க்குள்ள செஞ்ச வீடு, அத வடிவமைச்சது நம்ம புதுடெல்லிய வடிவமைச்ச அதே எட்வின் லட்யன்ஸ்தான், குழாய்ல தண்ணி வரும், லைட் எரியும், லிஃப்ட் ஓடும், எல்லாமே பன்னிரண்டுல ஒரு பங்கு அளவு, இப்போ வின்ட்சர் அரண்மனையில இருக்கு. அமெரிக்காவுல ஃபிரான்சஸ் கிளெஸ்னர் லீன்னு ஒரு அம்மா 1940கள்ல இதே பன்னிரண்டுல ஒரு பங்கு அளவுல கொலை நடந்த வீடு, தற்கொலை நடந்த அறைன்னு செஞ்சு, அத வச்சு போலீசுக்குத் துப்பு துலக்கப் பாடம் நடத்தினாங்க. இத எல்லாம் பொம்மை வீடுன்னு எழுதினா படிக்கிறவங்களுக்கு என்ன புரியும், சொல்லுங்க.

வந்த சொல்லுங்கள ஒவ்வொண்ணா பாக்குறேன். -அகம் போட்டா நூலகம், உணவகம் மாதிரி ஆளுங்க வந்து போற இடம்னு ஆயிருது, பொம்மையகம்னா பொம்மைக்கடைன்னுதான் யாரும் நினைப்பாங்க. மனைன்னா இப்போ பிளாட்டு, சென்ட் கணக்குல விக்கிறது. மாதிரி வீடு பில்டர் கட்டிக் காட்டுறது. குறுவீடு ஏதோ அரசாங்க வீட்டுத் திட்டம் மாதிரி கேக்குது. குடில் உண்மையிலேயே அழகான சொல்லு, ஆனா எங்க குமரி மாவட்டத்துல குடில்னா கிறிஸ்துமஸ் குடில், டிசம்பர் பொறந்தா தெருவுக்குத் தெரு, சர்ச்சுக்கு சர்ச் பையங்க கட்டுவாங்க, போட்டி எல்லாம் வைப்பாங்க, அந்தப் பொருள் அவ்வளவு ஆழமா ஊறிப்போச்சு, அத இன்னொண்ணுக்கு இழுக்கக் கூடாது.

இனி சிற்றில். மதுரை அக்கா ஒரு நல்ல ஆட்சேபணை வச்சிருந்தீங்க, சிற்றில்னா சின்னப் பொண்ணுங்க மணல்ல கட்டுற வீடு, கால்பட்டா சிதையுற வீடு, நீங்க பாதுகாத்து வைக்கிற பொருளுக்கு அத எப்படி வைக்கிறதுன்னு. இத நான் பல நாள் யோசிச்சேன். கலித்தொகையில 51ஆம் பாட்டு, எல்லாரும் பள்ளிக்கூடத்துல படிச்சதுதான், "தெருவில் நாம் ஆடும் மணற்சிற்றில்"னு வருது. சிற்றில்னாலே மணல்வீடுன்னா முன்னாடி மணல்னு ஒண்ணு தனியா எதுக்கு? புறநானூறு 86ல "சிற்றில் நற்றூண் பற்றி"ன்னு வருது, அங்க தூணு இருக்கு, தூணப் பிடிச்சுக்கிட்டு நின்னு மகன் எங்கன்னு கேக்குறா ஒருத்தி, அது மணல்ல நிக்கிற வீடு இல்ல. ஆக சொல்லு சின்ன வீடுன்னுதான் சொல்லுது, மணலா மரமாங்கறத முன்னாடி வர்ற சொல்லு சொல்லுது. அதனால முழுப்பேரு பாவைச்சிற்றில், பேச்சுவழக்குல சிற்றில். மணற்சிற்றில் ஒரு பக்கம், பாவைச்சிற்றில் ஒரு பக்கம், சண்டையே வராது. முன்பக்கம் கண்ணாடி போட்டு ஒரே ஒரு அறைய மட்டும் பெட்டிக்குள்ள செய்யுறாங்கல்ல, ரூம் பாக்ஸ்னு, அத ஓரறைச் சிற்றில்னு சொல்லிறலாம். ஒரு சொல்லு கிடைச்சா அதுல இருந்து நாலு சொல்லு கிளைக்கணும், பொம்மை வீட்டுல இருந்து எதுவும் கிளைக்க மாட்டேங்குது.

சிதையுற விஷயத்துக்கும் வர்றேன். நாச்சியார் திருமொழியில ஆண்டாள் சிதைக்காதேன்னுதான கெஞ்சுறா? அதுலயே "இன்று முற்றும் முதுகு நோவ இருந்திழைத்த இச்சிற்றிலை"ன்னு ஒரு அடி இருக்கு. ராத்திரி அடுக்களைய ஒதுக்கிட்டு, சாப்பாட்டு மேசையில பேப்பர் விரிச்சு, டேபிள் லேம்ப்பப் பக்கத்துல இழுத்து வச்சு, ஒரு இஞ்சு ஜன்னல் கம்பிய ஒட்டுறதுக்குக் குனிஞ்சு உக்காந்தவங்களுக்கு அந்த முதுகு நோவ என்ன சொல்லுன்னு தெரியும். இந்தப் பொழுதுபோக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட வருஷத்துக்கு முன்னாடி ஒரு பொண்ணு இவ்வளவு துல்லியமா சொல்லி வச்சிருக்கும்போது நாம எதுக்குப் புதுசா ஒண்ண அடிச்சு உருவாக்கணும்?

அந்த அடியில இன்னொரு சொல்லு இருக்கு பாத்தீங்களா, இழைத்த. பெண்பாற் பிள்ளைத்தமிழ்லயும் சிற்றில் இழைத்தல், சிறுசோறாக்கல்னு சொல்லுவாங்க. தச்சுவேலையில மரத்த இழைக்கிறதுன்னா ஆசாரி இழைப்புளி போட்டுத் தள்ளுறது. அதனால இந்தக் கலைக்குப் பேரு சிற்றிலிழைப்பு. வினையா சொல்லணும்னா சிற்றில் இழைக்கிறேன். யாராவது என்ன செய்யுற பிள்ளேன்னு கேட்டா அப்படியே வாயில வருது, நான் சொல்லிப் பாத்துட்டேன்.

அடுத்தது ஸ்கேல். பள்ளிக்கூட நிலவரைபடத்துல அளவைன்னு இருக்கு, அது போதும், அளவுகோல்னா கையில பிடிக்கிற கோலுதான். ஆனா 1:12ஐ எப்படி வாயால சொல்றதுங்கறதுதான் பிரச்சனை. ஒன்றுக்குப் பன்னிரண்டுன்னு சொன்னா வேலை செய்யுறவனுக்கு ஒண்ணும் தோணாது. அடிக்கு இஞ்சுன்னு சொல்லணும். ஏழடி கதவு ஏழு இஞ்சு, நெல்லு போட்டு வைக்கிற நாலடி பத்தாயம் நாலு இஞ்சு, அவ்வளவுதான் கணக்கு. 1:24 அடிக்கு அரை இஞ்சு, 1:48 அடிக்குக் கால் இஞ்சு. இதுல எனக்கு ரொம்ப சந்தோஷம் தந்த விஷயம் ஒண்ணு, எங்க ஊர் பழைய ஆசாரிமாரு முழக்கோல் வச்சு அளப்பாங்க, ஒரு கோலுக்கு 24 விரல், கோல் 72 செ.மீ, விரல் 3 செ.மீ. அப்போ 1:24 வீட்டுல நிஜ வீட்டுக் கோல் ஒண்ணு அப்படியே விரல் ஒண்ணாகுது. எங்க தெரு ஆசாரி அண்ணாச்சிகிட்ட கோலுக்கு விரல் கணக்குல ஒரு கதவு நிலை வேணும்னு சொன்னேன், மேல ஒரு கேள்வி கேக்கல, செஞ்சு குடுத்துட்டாரு. எனக்கு அடிக்கு இஞ்சு, கோலுக்கு விரல், இந்த ரெண்டும் கலைச்சொல் பட்டியல்ல கட்டாயம் ஏறணும். 1:16க்கு வீசம்னே சொல்லலாம், பதினாறுல ஒண்ணு வீசம்தான. பன்னிரண்டுல ஒண்ணுக்குத் தனிப்பேரு நம்ம கீழ்வாய் இலக்கத்துல, அதாவது பழைய பின்னக் கணக்குல, இல்ல, அதனாலயும் அடிக்கு இஞ்சு வேணும்.

மினியேச்சருக்கு நுண்பொருள்னு வந்திருந்துச்சு. நுண் வேண்டாம், நுண்ணோக்கி, நுண்ணுயிர்னு கண்ணுக்குத் தெரியாததுக்கு அது போயிருச்சு. நம்மகிட்ட சொப்பு இருக்கே! சொப்புச் சாமான்னு சொன்னா பாட்டியில இருந்து பேத்தி வரைக்கும் தெரியும். ஒரே ஒரு சிக்கல், சந்தையில வாங்குற சொப்பு செட்டுல அளவு ஒத்துவராது, குடம் அடுப்பவிடப் பெருசா இருக்கும், உரலும் தோசைக்கல்லும் ஒரே அகலம் இருக்கும், அத அடிக்கு இஞ்சு அடுக்களையில வச்சா வீடே கெட்டுப்போகும். அதனால அளவுக்கு ஏத்தபடி செஞ்சத அளவுச்சொப்புன்னு சொல்லுவோம். இப்படிப் பிரிச்சா ஸ்வீடன் லுண்ட்பி கம்பெனி டால் ஹவுஸ் வச்சிருக்கிறவங்களுக்கும் வசதி, அது 1:18, அதுக்குள்ள அடிக்கு இஞ்சு நாற்காலி போட்டா பெருசா தெரியும், இது எந்த அளவைச் சொப்புன்னு கேட்டு வாங்கலாம். மொத்தமா உள்ள போடுற சாமானுக்குத் தட்டுமுட்டு, வீட்டுல பேசுற சொல்லு, ஃபர்னிஷிங்குக்கு தட்டுமுட்டு அமைப்பு.

வீட்டோட பாகத்துக்கெல்லாம் சொல்லு உண்டாக்கணும்னு ஒருத்தர் நீளமா பட்டியல் போட்டிருந்தீங்க, கூரைத்தாங்கி, கூரைச்சட்டம், மேல்தள வைப்பறைன்னு. மன்னிக்கணும், இதுக்கெல்லாம் சொல்லு இருக்கு, ஆசாரிகிட்ட கேக்கணும். உத்தரம், கழுக்கோல், பட்டியல் (ஓடு தாங்குற சட்டம்), நிலை, கொண்டி, கீல், தட்டு, சாய்ப்பு, படிப்புரை, அங்கணம். தக்கலைப் பக்கம் வந்தா பத்மநாபபுரம் கொட்டாரத்துல ஒரு சுத்து சுத்திட்டு வாங்க, 1795ல தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போற வரைக்கும் திருவிதாங்கூர் ராஜாங்க இருந்த இடம், இப்பவும் கேரள அரசுதான் பாத்துக்குது, பூமுகம், தாய்க்கொட்டாரம், உப்பரிகைன்னு ஒவ்வொரு கட்டுக்கும் பேரு இருக்கு, மரவேலைக்கு அதைவிடப் பெரிய பாடப்புத்தகம் வேணுமா? அந்தக் கறுத்த தரை இருக்கே, சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளை எல்லாம் சேத்துப் போட்டதுன்னு சொல்லுவாங்க, முகம் தெரியும், அத என் சிற்றில்ல கொண்டுவர கறுப்பு பெயிண்ட் மேல வார்னிஷ் அடிச்சு, காஞ்சதும் நைஸ் உப்புத்தாள் போட்டு, மறுபடி வார்னிஷ் அடிக்கிறேன், ஓரளவுக்கு அந்தப் பளபளப்பு வருது.

என்கிட்ட இருக்கிறது எங்க மைனி இங்கிலாந்துல நர்ஸா இருக்கும்போது பழசா வாங்கி, லீவுக்கு வரும்போது கழட்டி பெட்டியில வச்சுக் கொண்டுவந்தது. அடிக்கு இஞ்சு, ரெண்டு மாடி, ஆறு அறை. உள்ள செம்புநாடா ஒட்டி 12 வோல்ட் லைட் போட்டிருந்தாங்க, பாதி எரியாது. எங்க மாவட்டத்துக்கு ஆனி ஆடி மழையும் உண்டு ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு, மரத்தூள அழுத்திச் செஞ்ச எம்.டி.எஃப் பலகை ஈரம் குடிச்சா விளிம்பு ஊதிரும், சுவர்த்தாள் பின்னாடி பூஞ்சை வரும், அதனால பலகைக்கு ரெண்டு பக்கமும் விளிம்புலயும் பிரைமர் அடிச்ச பிறகுதான் மத்த வேலை. வீட்டுல எல்லாருக்கும் இதுல பங்கு உண்டு, மாமியார் கமுகம்பாளை பறக்கிக் கொண்டுவந்து குடுத்தாங்க, அத நனைச்சு வெட்டினா முறமும் விசிறியும் செய்யலாம், ஈர்க்கில் சீவினா விளக்குமாறு, சின்னவ ஹோம்வொர்க் முடிச்சதும் தீப்பெட்டியில பத்தாயம் ஒட்டுவா, அவ பத்தாயத்த நிஜத்துல பாத்ததே கிடையாது, மாமியார்தான் மூடி எப்படி வரும், நெல்லு எங்க இருந்து எடுப்பாங்கன்னு சொல்லிக் குடுத்தாங்க. மேல்மாடிய இங்கிலாந்து வீடாவே விட்டுட்டேன், கணப்பு, கம்பளம், பூப்போட்ட சுவர்த்தாள் எல்லாம் அப்படியே இருக்கு. கீழ அடுக்களைச் சாமான் எல்லாம் ஏற்கெனவே தொலைஞ்சு போயிருந்துச்சு, அங்க மட்டும் அம்மி, உரல், துருவலை, அருவாமணைன்னு நம்ம அடுக்களை.

இந்த இடத்துலதான் ரெஸ்டோரேஷனுக்கு என்ன சொல்லுங்கற கேள்வி வருது, எனக்கு இன்னும் முடிவாகாத ஒரே சொல்லு இதுதான். புதுப்பித்தல்னு எல்லாரும் எழுதுறீங்க. புதுப்பிக்கிறதுன்னா புதுசாக்குறது, பழைய பெயிண்டச் சுரண்டிட்டு பளிச்னு அடிக்கிறது. கோயில்ல மணலைப் பீச்சி அடிச்சு சுத்தம் பண்ணி, சிற்பத்தோட நுணுக்கம் எல்லாம் தேஞ்சு போனதப் பாத்து வயிறெரிஞ்சவங்க இந்த இழையிலயே இருக்கீங்க, அதுக்கும் பேரு புதுப்பித்தல்தான். ரெஸ்டோரேஷன் அது இல்ல. முதல்ல செஞ்ச ஆளோட கை தெரியணும், விட்டுப்போனத மட்டும் சேக்கணும், சேத்தத நாளைக்கு ஒருத்தன் வேணாம்னா கழட்ட முடியணும். பழைய ஆசாரிமாரு வச்சிரப் பசை காய்ச்சி ஒட்டுவாங்க, சூடும் ஈரமும் காட்டினா விட்டுரும், மரத்துக்கு சேதம் இல்ல, அதனால பழைய நாற்காலிய ஒட்ட நான் அதைத்தான் தேடி வாங்குறேன், ஃபெவிகால் காஞ்சு இறுகிட்டா கழட்டும்போது மரமும் பிஞ்சு வரும்.

பழுது பார்த்தல், புதுப்பித்தல், ரெஸ்டோரேஷன், மூணும் மூணு வேலை, மூணுக்கும் தனிச்சொல்லு வேணும். மீட்புன்னு ரெண்டு பேரு சொல்லியிருக்கீங்க. பொருள் சரிதான், ஆனா எங்க கரையில 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு மீட்புன்னா கடல்ல போனவங்களத் தேடுனதுதான் ஞாபகம் வரும், குளச்சல்லயோ முட்டத்துலயோ போயி நாற்காலிக்கு மீட்புப்பணின்னு என்னால சொல்ல முடியாது. மீட்டமைப்பு கம்ப்யூட்டர்காரங்க எடுத்துட்டாங்க. செப்பனிடுதல் ரோட்டுக்குப் போயிருச்சு. பழநிலை பேணல்னு ஒண்ணு எனக்குத் தோணுது, ஆனா அதுல சேக்குற வேலை வரல, காப்பாத்துற வேலை மட்டும்தான் வருது, அது கன்சர்வேஷனுக்குத்தான் பொருந்தும். தஞ்சாவூர், காரைக்குடிப் பக்கம் பழைய மரச்சாமான் வேலை தெரிஞ்சவங்க யாராவது இருந்தா, பழைய அலமாரியில உடைஞ்ச கால மட்டும் அதே மரத்துல அதே கடைசல்ல செஞ்சு சேக்குறதுக்கு உங்க பட்டறையில என்ன சொல்லுவாங்கன்னு கேட்டு எழுதுங்க. சிற்றில், ஓரறைச் சிற்றில், சிற்றிலிழைப்பு, அளவுச்சொப்பு, அடிக்கு இஞ்சு, கோலுக்கு விரல், இந்த ஆறுக்கும் ஆட்சேபணை இருந்தா வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லிருங்க, இல்லேன்னா பட்டியல்ல ஏத்திரலாம்.