வடக்கு வர்ஜீனியாவில் சைக்கிள் ஓட்டத் தொடங்குவோருக்கு: இடம், வலம் மாறும் சிக்கல்

ஆஷ்பர்ன், ஹெர்ன்டன், ரெஸ்டன் பக்கம் புதிதாகக் குடிவந்து, சைக்கிள் வாங்கலாமா என்று கேட்டிருந்தவர்களுக்கு என் பதில்: தாராளமாக வாங்குங்கள். 1968இல் ஓட்டத்தை நிறுத்திய ஒரு ரயில் தடத்தின் மேல் அமைந்த டபிள்யூ அண்ட் ஓடி (வாஷிங்டன் அண்ட் ஓல்ட் டொமினியன்) என்ற நடை, சைக்கிள் பாதை இந்த ஊர்கள் வழியாகவே செல்கிறது. ஷர்லிங்டனிலிருந்து பர்செல்வில் வரை ஏறத்தாழ 45 மைல். ரயிலுக்காகப் போட்ட தடம் என்பதால் செங்குத்தான மேடுகள் குறைவு. லீஸ்பர்க்குக்கு மேற்கே கிளார்க்ஸ் கேப் என்ற இடம் வரையிலான நீண்ட ஏற்றம் மட்டும் கால்களைச் சோதிக்கும்.

நமக்குச் சிக்கல் பாதையில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் இடப்பக்கமாகச் சென்று வலப்பக்கம் முந்திப் பழகியவர்கள், இங்கே வலப்பக்கமாகச் சென்று இடப்பக்கம் முந்த வேண்டும். பின்னால் வருபவர் "ஆன் யுவர் லெஃப்ட்" என்று குரல் கொடுத்தால், அவர் உங்கள் இடப்பக்கமாகக் கடக்கப் போகிறார் என்று பொருள். உங்களை இடப்பக்கம் ஒதுங்கச் சொல்லவில்லை. வந்த முதல் மாதம் இது புரியாமல் நான் மரியாதையாக இடப்பக்கம் ஒதுங்கி, அவருடைய சக்கரத்துக்கு முன்னாலேயே போய் நின்றேன். அந்தக் குரல் கேட்டால் எதுவும் செய்யாமல் நேராகச் செல்வதே போதும். குடும்பத்தோடு நால்வர் வரிசையாகப் பாதையை அடைத்துக்கொண்டு நடப்பதையும் தவிர்க்க வேண்டும். நம்மவர்களிடம் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

பிரேக்கும் அப்படித்தான். நம் ஊர் சைக்கிளில் பொதுவாக வலக்கைப் பிடி முன்சக்கரத்தை நிறுத்தும். இங்கே விற்கும் சைக்கிளில் இடக்கைப் பிடிதான் முன்சக்கரத்துக்கு உரியது. பழைய நினைவில் இடக்கையை மட்டும் இறுக்கிப் பிடித்தால், இறக்கத்தில் தலைகுப்புற விழ நேரிடும் என்பதால், வாங்கிய அன்றே வீட்டு வாசலில் நாலைந்து முறை நிறுத்திப் பழகிக்கொள்ளுங்கள். சிறுவர் சைக்கிள்கள் பலவற்றில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிரேக் பிடிக்கும். குழந்தைக்கு அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஹெல்மெட் கட்டாயம்; பெரியவர்களும் அணிவதே நல்லது.

பாதை சாலையைக் கடக்கும் இடங்களில் ஒரு கார் நின்று கையசைத்துவிட்டது என்பதற்காகப் பாய்ந்துவிடாதீர்கள். சாலையில் அதற்குப் பக்கத்துத் தடத்தில் வண்டி ஓட்டி வருபவருக்கு, நின்ற கார் உங்களை மறைத்திருக்கும்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம் நெரியும் என்பதால், பழகும் வரை ஞாயிறு விடியலில் செல்லுங்கள். கோடையில் ஓரத்துப் புல்லில் உட்கார்ந்து எழுந்தால், வீடு திரும்பியதும் கால்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உண்ணி கடித்தால் பரவும் லைம் நோய் இந்த வட்டாரத்தில் உண்டு. நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியதும் மாலை ஐந்தரைக்கே இருட்டிவிடும். ஆகவே முன்விளக்கையும் சிவப்புப் பின்விளக்கையும் அக்டோபரிலேயே வாங்கிப் பொருத்திவிடுங்கள்.