கல்லூரியின் முதல் ஆண்டுகளில் மதிப்பெண் சரிந்த பிறகு அமெரிக்க மருத்துவப் பள்ளிக்கு விண்ணப்பித்தவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

அமெரிக்காவில் இளநிலைப் பட்டத்துக்குப் பிறகு மருத்துவம் படிக்க நினைத்து, கல்லூரியின் முதல் இரண்டு ஆண்டுகளில் மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டவர்கள் நம் வீடுகளில் பலர் இருக்கிறார்கள். அதை வெளியில் சொல்பவர்கள்தான் குறைவு. இடம் கிடைத்தவர்களின் செய்தி மட்டுமே காதில் விழுவதால், சரிந்த பிள்ளை தான் ஒருத்தி மட்டுமே இப்படி என்று நினைத்துக் குமைகிறாள். நானும் அப்படித்தான் குமைந்தேன். ஆகவே என் கதையை முதலில் எழுதுகிறேன். யாருடைய பேச்சு, எந்தச் சந்திப்பு உங்களைச் சரியான வழிக்குத் திருப்பியது என்பதை நீங்களும் எழுதுங்கள்.

2015-இல் ஓஹையோவில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். பள்ளியிலேயே கல்லூரி அளவில் நடத்தும் ஏபி வகுப்புகளை நன்றாக முடித்த துணிச்சலில் வேதியியல், உயிரியல், கால்குலஸ் மூன்றையும் முதல் செமஸ்டரிலேயே எடுத்தேன். வாரத்துக்கு இருபது மணி நேரம் மளிகைக் கடையில் வேலையும் பார்த்தேன். முதல் வேதியியல் தேர்வில் 58 வந்தபோதே பேராசிரியரின் அறைக் கதவைத் தட்டியிருக்க வேண்டும். வெட்கம் தடுத்தது. வீட்டில் கேட்கும்போதெல்லாம் "நன்றாகப் போகிறது" என்றே சொல்லிவந்தேன். இரண்டாம் ஆண்டில் நான்கு கிரெடிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் எண்) கொண்ட கரிம வேதியியலில் டி வாங்கினேன். இரண்டு ஆண்டு முடிவில் கையில் இருந்தது 60 கிரெடிட், 2.5 ஜிபிஏ (ஏ-க்கு 4, டி-க்கு 1 என்று புள்ளி போட்டு எடுக்கும் சராசரி).

அந்தக் கோடையில் மருத்துவப் படிப்புக்கான ஆலோசகர் ஒருவரைப் பார்த்தேன். பதினைந்து நிமிடம் பேசினார். இந்த எண்களோடு உள்ளே போனவர்களைத் தான் பார்த்ததில்லை என்றும், வேறு துறையை யோசிப்பது நல்லது என்றும் சொன்னார். வண்டிக்குள் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன். இன்று நினைத்துப் பார்க்கும்போது, எண்களைப் பற்றி அவர் சொன்னது உண்மைதான் என்று தோன்றுகிறது. ஆனால் அந்த எண்களை மாற்ற என்ன வேலை செய்ய வேண்டும், அதற்கு எத்தனை ஆண்டு ஆகும் என்பதை அவர் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியது ஆலோசகரின் கடமை என்றே இப்போதும் நினைக்கிறேன்.

என்னைத் திருப்பியது மூன்றாம் ஆண்டில் உடலியங்கியல் நடத்திய பேராசிரியரின் அறையில் நடந்த ஒரு சந்திப்பு. அவர் என் மதிப்பெண் பட்டியலைக் கேட்கவில்லை. "எப்படிப் படிக்கிறாய் என்று காட்டு" என்றார். மூன்று நிறங்களில் கோடிட்ட குறிப்பேட்டைப் பெருமையோடு நீட்டினேன். அதை மூடி மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளி, சிறுநீரகத்தின் நெஃப்ரானை வரைந்து, எந்த இடத்தில் சோடியம் உறிஞ்சப்படுகிறது, எந்த இடத்தில் நீர் உறிஞ்சப்படுகிறது என்று குறிக்கச் சொன்னார். முதல் வளைவோடு என் பேனா நின்றுவிட்டது. முந்தின இரவு நான்கு மணி நேரம் படித்த பாடம் அது. "நீ படிக்கவில்லை அம்மா, வாசித்திருக்கிறாய்" என்ற பொருளில் மெல்லச் சொன்னார். அன்றிலிருந்து ஒவ்வொரு பாடத்தையும் புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத் தாளில் எழுதிப் பார்ப்பதையே படிப்பாக வைத்துக்கொண்டேன். கடை வேலையை வார இறுதிக்கு மட்டும் குறைத்தேன். அடுத்த இரண்டு ஆண்டுகளின் 60 கிரெடிட்டில் 3.8 வந்தது.

ஆனாலும் கணக்கு எவ்வளவு கொடியது என்பது அப்பாவோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. முதல் 60 கிரெடிட்டில் 150 புள்ளி, அடுத்த 60-இல் 228. மொத்தம் 378-ஐ 120-ஆல் வகுத்தால் 3.15. கரிம வேதியியலை மறுபடி எடுத்து ஏ வாங்கியிருந்ததால் பல்கலைக்கழகம் பழைய டி-யைக் கணக்கிலிருந்து நீக்கி 3.22 என்று காட்டியது. ஆனால் எம்.டி. (இங்கே முதல் மருத்துவப் பட்டமே இதுதான்) பள்ளிகளுக்கான பொது விண்ணப்பமான ஆம்காஸ் அப்படி நீக்குவதில்லை. ஒரே பாடத்தை எத்தனை முறை எடுத்தாலும் எல்லா முறையும் கூட்டலில் சேரும். "இனி எல்லாவற்றிலும் ஏ வாங்கினால் 3.5 வர எவ்வளவு வேண்டும்?" என்று அப்பா கேட்டார். 84 கிரெடிட், அதாவது ஏறக்குறைய மூன்று ஆண்டு முழுநேரப் படிப்பு. அப்பா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

ஆம்காஸ் விண்ணப்பம் மொத்த ஜிபிஏவை மட்டும் காட்டுவதில்லை என்பதை அதன் பிறகுதான் தெரிந்துகொண்டேன். முதலாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டு, பட்டத்துக்குப் பிந்தைய படிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரிசை உண்டு. உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகியவற்றின் ஜிபிஏ தனியாகவும், மற்றப் பாடங்களின் ஜிபிஏ தனியாகவும் இருக்கும். மொத்தத்தை நான் மாற்ற முடியாது. கடைசி மூன்று வரிசைகளை யாரும் சந்தேகிக்க முடியாதபடி ஆக்க முடியும். ஆகவே 2019 ஆகஸ்டிலிருந்து 2020 மே வரை போஸ்ட்-பேக், அதாவது பட்டத்துக்குப் பிறகும் இளநிலைப் பாடங்களைப் படிக்கும் மாணவியாக, செமஸ்டருக்கு 16 என்று 32 கிரெடிட் எடுத்தேன். உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், மரபியல், செல் உயிரியல் என்று எல்லாம் மேல்நிலைப் பாடங்கள். வேலை பார்த்துக்கொண்டு ஒன்றிரண்டு பாடம் எடுத்தாலும் ஏ வரும். ஆனால் மருத்துவப் பள்ளியின் சுமையைத் தாங்க முடியுமா என்ற கேள்விக்கு அது பதிலாகாது. 2020 மார்ச்சில் வகுப்புகள் இணையத்துக்கு மாறியபோது, மதிப்பெண்ணுக்குப் பதிலாகத் தேர்ச்சி என்று மட்டும் பதிந்துகொள்ளும் வாய்ப்பைப் பல்கலைக்கழகம் தந்தது. நான் எடுக்கவில்லை, எனக்கு எழுத்து மதிப்பெண்தான் தேவைப்பட்டது. 3.9 வந்தது. மொத்தம் 3.31 ஆனது.

அடுத்த ஓராண்டு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் நர்சிங் உதவியாளராக வேலை செய்துகொண்டே மருத்துவப் பள்ளி நுழைவுத் தேர்வான எம்கேட்டுக்குப் படித்தேன். 472-இலிருந்து 528 வரை போகும் அந்தத் தேர்வில் 2021 ஏப்ரலில் 513 வாங்கினேன். ஜூன் தொடக்கத்தில் விண்ணப்பித்தேன். ஒரு நேர்காணலில் (அந்த ஆண்டு எல்லாம் ஜூம் வழியாகத்தான்) மருத்துவர் தாளைத் திருப்பும் ஒலி எனக்குக் கேட்டது. "நான்காம் செமஸ்டருக்கும் ஐந்தாம் செமஸ்டருக்கும் நடுவில் என்ன நடந்தது?" என்றார். வெள்ளைத் தாளையும் நெஃப்ரானையும் பற்றிச் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு, மீதி நேரம் முழுவதும் முதியோர் இல்லத்தைப் பற்றியே கேட்டார். 2022 ஆகஸ்டில் அந்தப் பள்ளியிலேயே சேர்ந்தேன்.

* * *

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு தாய் எழுதுகிறேன். மேலே எழுதிய பெண்ணின் அப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்த இடத்தில் என் வீட்டுக்காரரைத்தான் பார்த்தேன்.

எங்கள் மகன் 3.2 ஜிபிஏவோடும் 504 எம்கேட்டோடும் முப்பது பள்ளிகளுக்கு விண்ணப்பித்தான். அதையும் செப்டம்பரில்தான் அனுப்பினான். ஒரு நேர்காணல்கூட வரவில்லை. அவசரப்படுத்தியது நாங்கள்தான்; "ஒரு வருடம் வீணாகிவிடும்" என்று நானே திரும்பத் திரும்பச் சொன்னேன். அந்தச் சொல்லால் உண்மையிலேயே ஒரு வருடம் போனது, ஒவ்வொரு பள்ளிக்கும் கட்டிய பணமும் போனது. 2023-இல் எம்.டி. பள்ளிகளில் சேர்ந்தவர்களின் சராசரியே 3.77 ஜிபிஏ, 511.7 எம்கேட் என்பதைப் பார்த்திருந்தால், ஜிபிஏ குறைவாக உள்ள பிள்ளை எம்கேட்டையும் குறைவாக வைத்துக்கொண்டு போகக் கூடாது என்று புரிந்திருக்கும்.

நிராகரித்த பள்ளிகளில் ஒன்று, கேட்டால் காரணம் சொல்வோம் என்று தெரிவித்திருந்தது. மகன் தொலைபேசியில் பேசினான். நான் பக்கத்தில் இருந்தேன். அந்த அம்மையார் மிகவும் பொறுமையாகப் பேசினார். உங்கள் விண்ணப்பம் எங்கள் கைக்கு வரும்போது நேர்காணல் இடங்களில் பெரும்பாலானவை நிரம்பிவிட்டன, உங்கள் மதிப்பெண் ஏறத் தொடங்கி இரண்டு செமஸ்டர்தான் ஆகிறது, அது நிலைக்குமா என்று சொல்ல எங்களுக்கு இன்னும் சான்று வேண்டும் என்றார். மறுபடி எப்போது விண்ணப்பிக்கலாம் என்று அவன் கேட்டதற்கு, "உங்களிடம் புதிதாகக் காட்ட ஏதாவது இருக்கும்போது" என்றார்.

அவன் மருத்துவ அறிவியலில் ஓராண்டு சிறப்பு முதுநிலைப் படிப்பில் சேர்ந்து, முதலாண்டு மருத்துவ மாணவர்களுக்கு வைக்கும் பாடங்களையே படித்தான். இதைப் பற்றி மற்றப் பெற்றோர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த மதிப்பெண் முதுநிலை வரிசையில் தனியாகத்தான் நிற்கும். இளநிலை ஜிபிஏவை ஒரு புள்ளிகூட உயர்த்தாது. செலவு மிக அதிகம். அதிலும் சறுக்கினால் விண்ணப்பத்தில் சொல்ல எதுவும் மிஞ்சாது. படிக்கும் முறை சரியாகிவிட்டது என்று பிள்ளைக்கே உறுதியாகத் தெரிந்த பிறகுதான் அதில் சேர்க்க வேண்டும்.

இரண்டாம் முறை எம்.டி., டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம்) இரண்டு வகைப் பள்ளிகளுக்கும் விண்ணப்பித்து, டி.ஓ. பள்ளியில் இடம் பெற்றான். மறுமுறை எடுத்த பாடத்தின் மதிப்பெண்ணை மட்டும் டி.ஓ. பள்ளிகள் எடுத்துக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த வழக்கம் 2017-லேயே போய்விட்டது. பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் ஒரு தெரிந்தவர், "டி.ஓ. என்றால் முழு டாக்டரா?" என்று என்னிடமே கேட்டார். ஐம்பது மாநிலங்களிலும் அறுவை சிகிச்சை உட்பட எல்லா உரிமையும் உண்டு, 2020-இலிருந்து ரெசிடென்சி பயிற்சிக்கும் ஒரே அங்கீகார முறைதான் என்று அவருக்கு விளக்கிச் சொன்னேன். மகன் காதில் அந்தக் கேள்வி விழாமல் பார்த்துக்கொண்டேன்.

* * *

நான் டெக்சாஸ். பத்தொன்பது வயதில் எஃப் மதிப்பெண்களோடு கல்லூரியைப் பாதியில் விட்டவன். முப்பத்தொன்றாம் வயதில் திரும்பச் சேர்ந்தேன். இடையில் ஆம்புலன்ஸில் அவசர மருத்துவ உதவியாளராக வேலை பார்த்தேன்.

திரும்பச் சேர்ந்த நாளில், சமுதாயக் கல்லூரியின் பதிவு அலுவலகத்தில் ஒரு முதிய பெண்மணி என் பழைய பட்டியலைப் பார்த்துவிட்டு, "அகடமிக் ஃபிரெஷ் ஸ்டார்ட் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா?" என்றார். டெக்சாஸ் சட்டப்படி, மாநிலத்தில் குடியிருப்பவர் பத்தாண்டுக்கு முன் பெற்ற கிரெடிட்டுகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கேட்கலாம். கேட்டால் நல்ல மதிப்பெண்ணும் சேர்ந்தே போய்விடும். அந்தப் பாடங்களை மறுபடி படிக்க வேண்டும். எனக்கு இழக்க ஒன்றுமில்லை என்பதால் அன்றே கையெழுத்திட்டேன். டெக்சாஸ் அரசு மருத்துவப் பள்ளிகளுக்கான டிஎம்டிஎஸ்ஏஎஸ் விண்ணப்பம் இதை ஏற்றுக்கொள்கிறது, ஆம்காஸ் ஏற்பதில்லை. அதனால் ஒரே ஆளான எனக்கு இரண்டு ஜிபிஏ இருந்தது. இங்குள்ள அரசுப் பள்ளிகள் தொண்ணூறு விழுக்காட்டுக்குக் குறையாமல் மாநிலத்தவரைச் சேர்க்க வேண்டும் என்பதும் எனக்கு உதவியது. டெக்சாஸுக்கு வெளியே நான் விண்ணப்பிக்கவே இல்லை. அந்தப் பெண்மணி அன்று விடுப்பில் இருந்திருந்தால் இந்தச் சட்டம் எனக்கு எப்போதுமே தெரிந்திருக்காது.

* * *

அக்கா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். எனக்கு இப்போது இரண்டாம் ஆண்டு, 2.6-இல் நிற்கிறேன். இந்தச் சரிவைப் பற்றி விண்ணப்பத்தில் எங்கே எழுத வேண்டும், எவ்வளவு எழுத வேண்டும்?

* * *

முதல் பதிவை எழுதியவள்தான் பதில் எழுதுகிறேன், தம்பி.

ஆம்காஸின் முதன்மைக் கட்டுரைக்கு 5,300 எழுத்துகள்தான் இடம். அது நீங்கள் ஏன் மருத்துவராக வேண்டும் என்பதைச் சொல்லும் இடம். அதில் மதிப்பெண்ணுக்குக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தால் உங்களைப் பற்றிச் சொல்ல இடமிருக்காது. பல பள்ளிகள் இரண்டாம் கட்ட விண்ணப்பத்தில் படிப்பில் ஏற்பட்ட தடங்கலைப் பற்றித் தனியாகக் கேட்கின்றன. நான் அங்கேதான் எழுதினேன். முதல் வரைவில் கடை வேலை, தனிமை, வீட்டு நெருக்கடி என்று ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தேன். அந்த உடலியங்கியல் பேராசிரியர் படித்துவிட்டு, எதுவும் பொய் இல்லை, ஆனால் படிப்பவர் உன் மீது இரக்கப்படுவாரே தவிர உன்னை நம்பமாட்டார் என்று சொல்லி, ஐந்து வாக்கியங்களை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அடித்தார். அவர் விட்டுவைத்தது இதுதான்:

"முதல் நான்கு செமஸ்டர்களில் என் மதிப்பெண்கள் குறைவாக இருந்தன, உதவி கேட்க நான் தயங்கியதும், வாசிப்பதையே படிப்பு என்று நினைத்ததும் அதற்குக் காரணம். ஐந்தாம் செமஸ்டரில் ஒரு பேராசிரியரிடம் போய் முறையை மாற்றிக்கொண்டேன். அதன் பிறகு முழுச் சுமையோடு எடுத்த 92 கிரெடிட்டுகளில் இரண்டு பாடங்களைத் தவிர எதிலும் பி-க்குக் கீழே வாங்கவில்லை. அந்த இரண்டும் சி ப்ளஸ். அந்த வாரங்களில் என்ன தவறு செய்தேன் என்பதையும் என்னால் சொல்ல முடியும்."