அடுப்புக்குப் பக்கத்து கப்போர்டு

(குடும்ப குரூப், சனிக்கிழமை காலை)

நான்: (படம்) அடுப்புக்கு வலது பக்கம் இருக்கற கீழ் கப்போர்டு இது. ரெண்டு கதவு, உள்ள நடுவுல ஒரே ஒரு தட்டு. பின்னாடி கிடக்கற குக்கரை எடுக்கணும்னா முன்னாடி இருக்கற அத்தனையையும் வெளிய பரப்பணும். அம்மாவுக்கு முழங்கால் மடங்க மாட்டேங்குது. உள்ள ட்ராயர் போட்டா இழுத்து எடுத்துக்கலாம்ல? ஆசாரி இந்தச் சின்ன வேலைக்கெல்லாம் அழகாபுரம் வரைக்கும் வர மாட்டாராம். நானே பண்ணிடலாமா?

தம்பி: கம்பிக் கூடை, இழுத்தா ஓடற இரும்புச் சேனலோட ரெடிமேடா வருது அக்கா. லிங்க் அனுப்பவா? 2 அடி கப்போர்டு தானே?

மாமா: டேய், பெங்களூர்ல உக்காந்துட்டு அளவு சொல்லாத. 2 அடிங்கறது வெளி அளவு. ரெண்டு பக்க ப்ளைவுட் பலகையும் போனா உள்ள எவ்வளவு நிக்குதோ அதுதான் நமக்கு வேணும். கண்ணு, டேப்பை எடு. முன்னாடி, நடுவுல, பின்னாடின்னு மூணு இடத்துல அகலம் பாரு. இன்ச் வேண்டாம், எம்எம்ல சொல்லு.

நான்: முன்னாடி 564, நடுவுல 563, பின்னாடி 562. ஆழம் 550.

மாமா: அப்ப 562தான் கணக்கு. எது கம்மியோ அதை வச்சுத்தான் எல்லாம். இப்ப ரெண்டு கதவையும் முழுசா திறந்து நேரா ஒரு படம் எடுத்து அனுப்பு.

நான்: (படம்)

மாமா: (படம்) சிவப்பு வட்டம் போட்டிருக்கேன் பாரு. கதவை மாட்டியிருக்கற ஆட்டோ ஹிஞ்ச் உள்பக்கம் துருத்திட்டு நிக்குது. கதவும் திறந்த பிறகு ஓரத்தைத் தாண்டி கொஞ்சம் உள்ள வந்துதான் நிக்கும். சேனலை நேரா பக்கப் பலகையில அடிச்சா ட்ராயர் வெளிய வரும்போது ஹிஞ்ச்லயும் கதவு ஓரத்துலயும் இடிக்கும். முதல் தடவை பண்றவங்க முக்கால்வாசி பேர் இங்கதான் மாட்டுவாங்க.

தம்பி: அப்ப நான் சொன்ன கூடையும் இடிக்குமா?

மாமா: அதுவும் அதே சேனல்லதானே ஓடுது.

நான்: அப்ப என்ன பண்றது மாமா?

மாமா: ரெண்டு பக்கமும் 18 எம்எம் ப்ளைல ரீப்பர், அதாவது நீளமான பட்டைத் துண்டு வெட்டி உள்ள அடிச்சிட்டு, அதுமேல சேனல் போடணும். 562ல 36 போனா 526. டெலஸ்கோபிக் சேனல் ஒரு பக்கத்துக்கு 13ன்னு வச்சுக்கோ, ரெண்டுக்கும் 26. மீதி 500. அதுதான் ட்ராயர் பெட்டியோட வெளி அகலம். ஒரு எம்எம் கூடினா ஓடாது. ஒரு எம்எம் குறைஞ்சா பரவாயில்ல, சேனலுக்குப் பின்னாடி மெல்லிசா மைக்கா துண்டு வச்சு சரி பண்ணிக்கலாம். ஆனா ஒரு ரீப்பர் துண்டை வச்சுக் கதவை ஆட்டிப் பாத்துட்டு மீதியை வெட்டு. சில ஹிஞ்ச்சுக்கு 18 பத்தாது.

நான்: பெட்டிக்கு எவ்வளவு கனம்?

மாமா: பக்கத்துக்கு 12 எம்எம் போதும். முன் பலகை, பின் பலகை ரெண்டும் அந்த ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல உக்காரும், அதனால 500 இல்ல, 476. கடைக்காரர்கிட்ட இதைத் தாள்ல எழுதிக் குடு, வாயால சொல்லாத. அவரே மிஷின்ல வெட்டிக் குடுத்துடுவார். வீட்ல ரம்பம் பிடிக்க வேண்டாம்.

ஏற்காடு சித்தி: ப்ளை வாங்கும்போது 710 முத்திரை இருக்கான்னு பாரு. இங்க பனியில எங்க கிச்சன்ல போட்ட பார்ட்டிகிள் போர்டு ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி உப்பிப் போச்சு. ஸ்க்ரூ கையோட வருது.

தம்பி: உங்க எஸ்டேட்லயே சில்வர் ஓக் நிக்குதே சித்தி, பலகை அறுத்துக்கலாமே

ஏற்காடு சித்தி: காபிக்கு நிழலுக்கு நிக்கற மரம்டா அது. அப்படியே அறுத்தாலும் நல்லா காயணும். பச்சையா போட்டா முறுக்கிக்கும்.

மாமா: சித்தி சொல்றது சரி. ஐஎஸ் 710 போட்டதுதான் தண்ணி தாங்கற ப்ளை, பிடபிள்யூபின்னு எழுதியிருப்பாங்க. சேலம் வெயிலுக்கு அவ்வளவு கவலை இல்ல, ஆனா சிங்க் பக்கம்னா அதைத்தான் போடணும். வெட்டின ஓரத்துல எட்ஜ் பேண்ட் பட்டை ஒட்டு, இல்லன்னா வார்னிஷ் ரெண்டு கோட்டு. வெட்டு வாய் வழியாத்தான் தண்ணி ஏறும்.

பெரியப்பா: காலை வணக்கம். இன்றைய நாள் இனிய நாளாக அமையட்டும்.

பெரியப்பா: கேஸ் டியூப் எந்தப் பக்கம் போகுதும்மா?

நான்: பின்னாடி மூலையில பெரியப்பா.

பெரியப்பா: அப்படின்னா ட்ராயரை முழு ஆழத்துக்குப் போடாதே. தினமும் போய் டியூப்ல இடிக்கும். டியூப்ல வருஷம் அச்சடிச்சிருக்கும், 5 வருஷம் தாண்டியிருந்தா கையோட மாத்திடு.

மாமா: அண்ணன் சொன்னது முக்கியம். ஆழம் 550 இருந்தாலும் 450 சேனல் வாங்கு, 18 இன்ச். 45 கிலோ தாங்கறதா கேளு. அரிசி மூட்டையை மட்டும் அதுல வைக்காத.

குகை அத்தை (சேலம் குகைப் பகுதி): எங்க வீட்டு அடுப்பு மேடைக்குக் கீழ முழுக்க கடப்பா கல்லு. எனக்கும் ட்ராயர் வேணும். கல்லுல ஓட்டை போடலாமா?

மாமா: போடாத அக்கா. நிக்க வச்ச கடப்பா மெல்லிசு, சுத்தியல் ட்ரில் அடிச்சா விண்டு போகும். உள்ள நுழையற மாதிரி தனியா ஒரு ப்ளை பெட்டி பண்ணி, அதுக்குள்ள சேனல் போட்டு, பெட்டியோட தள்ளி வச்சிடலாம். அடியில ரப்பர் புஷ் குடுத்துடலாம், கழுவற தண்ணி ஏறாது.

அம்மா: எனக்கு ஒரே ஒரு ட்ராயர் போதும்டி. கீழ மட்டும். மேல தட்டு எட்டுது.

நான்: அம்மா சொல்றதும் சரிதான். கீழ ட்ராயர், மேல பழைய தட்டு அப்படியே. அந்தத் தட்டு மேல தம்ளர், கிண்ணத்துக்கு ஒரு அரைத் தட்டு சேக்கலாமா?

மாமா: தாராளமா. செலவும் கம்மி. 5 எம்எம் ட்ரில் பிட்ல ஓட்டை போட்டு, தட்டைத் தாங்கற ஷெல்ஃப் பின் சொருகு. பிட்ல 10 எம்எம்ல டேப் சுத்திக்கோ, அதுக்கு மேல உள்ள போகாத. இல்லன்னா பிட் அந்தப் பக்க மைக்காவைக் கிழிச்சிட்டு வந்துடும். ஒரு துண்டு ரீப்பர்ல முதல்ல ஓட்டை போட்டு அதையே அச்சா வச்சு ரெண்டு பக்கமும் அடி. கண்ணளவுல அடிச்சா தட்டு நொண்டும்.

தம்பி: முழு அகலத்துக்கும் தட்டு போட்டா தொங்காதா மாமா?

மாமா: ரெண்டடிக்கு 18 எம்எம் ப்ளை நிக்கும். மூணடி போனா முன்னாடி ஒன்றரை இன்ச் பீடிங் கட்டை அடிச்சுக்கணும்.

(ஞாயிறு மாலை)

நான்: (படம்) பெட்டி ஒட்டியாச்சு. மூலைக்கு மூலை குறுக்கு அளவு ரெண்டும் ஒண்ணாத்தான் வருது.

மாமா: சபாஷ். பசை காயறவரைக்கும் கிளாம்ப்பை எடுக்காத. சேனல் ஸ்க்ரூ ரீப்பர் பக்கம் 16 எம்எம் போடு. 12 எம்எம் பெட்டிப் பலகையில அதைப் போட்டா நுனி அந்தப் பக்கம் தலை நீட்டும். அதுக்கு 13 வாங்கி, ஒரு துண்டுல போட்டுப் பாத்துக்கோ.

நான்: கைப்பிடி எங்க வைக்கறது? கதவு மூடணுமே.

மாமா: குமிழ் வேண்டாம், கதவுல இடிக்கும். முன் பலகை மேல் ஓரத்துல நாலு விரல் போற மாதிரி ஒரு வளைவு வெட்டிக்கோ. சேனலையும் கப்போர்டு வாயிலிருந்து 5 எம்எம் உள்ள தள்ளி வை.

(திங்கள் இரவு)

நான்: ஓடுது! ஆனா கடைசி ஒரு ஜாண்ல இறுகுது. இடது பக்கம் லேசா தூக்கின மாதிரி இருக்கு.

மாமா: வட்ட ஓட்டையில ஸ்க்ரூ அடிச்சிட்டியா?

நான்: இல்ல மாமா, சேனல்ல இருக்கற நீள ஓட்டையில மட்டும்தான்.

மாமா: அப்ப பிரச்சனையே இல்ல, நீள ஓட்டைன்னா சேனலை நகர்த்திக்கலாம். ரசமட்டத்தை ரெண்டு சேனல் மேலயும் வச்சுப் பாரு. இடது பக்க ஸ்க்ரூவை அரைச் சுத்து தளர்த்தி, சேனலை ஒரு நூல் (சுமார் 3 எம்எம்) கீழ இறக்கி, இறுக்கு. நாலஞ்சு தடவை இழுத்து மூடிப் பாரு. சரியா ஓடினப்புறம் வட்ட ஓட்டையிலயும் ஸ்க்ரூ போட்டு நிறுத்திடு.

நான்: (வீடியோ)

அம்மா: குக்கர், இட்லிச் சட்டி, ரெண்டு வாணலி வச்சுப் பாத்துட்டேன். நின்னுட்டே எடுக்க முடியல, ஆனா கீழ உக்கார வேண்டியதில்ல, ஸ்டூல் போதும்.

குகை அத்தை: என் வீட்டுக்கு எப்ப தம்பி?

மாமா: வர்ற ஞாயிறு காலையில வரேன் அக்கா. கல்லு எல்லா இடத்துலயும் ஒரே மட்டமா இருக்காது, நானே நேர்ல அளக்கணும். கீழ இருக்கறதை எல்லாம் முன்னாடியே எடுத்து வெளிய வச்சிடுங்க. உங்க பித்தளை அண்டாவை என்னைத் தூக்க விடாதீங்க.