கால் பிசகினால் ஏன் எப்போதும் வெளிக் கணுக்கால்தான் வீங்குகிறது?

நொண்டிக்குதிரை:

இது மூன்றாவது முறை. அதே வலது கால், அதே கதை. படி முடிந்துவிட்டது என்று நினைத்துக் காலை வைத்தேன், இன்னொரு படி மிச்சம் இருந்தது, பாதம் உள்பக்கமாக மடங்கி உடம்பு எடை முழுக்க வெளி ஓரத்தில் இறங்கியது. சாயங்காலத்துக்குள் வெளிக் கணுக்கால் முட்டுக்கு முன்னால் புசுபுசுவென்று வீங்கி, இரண்டாம் நாள் நீலம் பாத ஓரம் வரைக்கும் இறங்கிவிட்டது. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. "ஜவ்வு லேசாகக் கிழிந்திருக்கிறது" என்று சொல்லிக் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

ஆறு வாரம் ஆயிற்று, நன்றாகவே நடக்கிறேன், அதனால் வைத்தியம் கேட்டு வரவில்லை. சும்மா படுத்துக் கிடந்த நாட்களில் காலையே பார்த்துக்கொண்டிருந்ததில் சில சந்தேகங்கள். மூன்று முறையும் பாதம் உள்பக்கம்தான் மடங்கியது, ஒரு தடவைகூட வெளிப்பக்கம் போகவில்லை, இது என் நடையின் கோளாறா அல்லது எல்லோருக்கும் இப்படித்தானா? கணுக்காலில் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கும் முட்டு இரண்டும் ஒரே உயரத்தில் இல்லை, வெளியில் இருப்பது கீழே இறங்கியிருக்கிறது, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? அப்புறம் இந்த "ஜவ்வு" என்பது என்னதான்? முழங்காலுக்கும் ஜவ்வு என்கிறார்கள், இங்கேயும் ஜவ்வு என்கிறார்கள்.

இன்னொன்று, குந்தி உட்கார்ந்தால் வலது குதிகால் மட்டும் தரையை விட்டுத் தூக்கிக்கொள்கிறது. முன்பு இப்படி இல்லை.

---

இயன்முறைக்காரி:

உங்கள் நடையில் குறை இல்லை, கணுக்காலின் அமைப்பே அப்படித்தான். சுளுக்கு என்று வருபவர்களில் பெரும்பாலோர் வெளி முட்டைத்தான் காட்டுவார்கள்.

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பு. தடித்தது டிபியா, எடையைப் பெரும்பாலும் அதுதான் சுமக்கிறது. வெளிப்பக்கம் ஒல்லியாக ஓடுவது ஃபிபுலா. உள் முட்டு டிபியாவின் நுனி, வெளி முட்டு ஃபிபுலாவின் நுனி. இரண்டும் சேர்ந்து இடுக்கி மாதிரி டாலஸ் என்கிற எலும்பைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. நீங்கள் கண்டுபிடித்தது சரி, வெளி முட்டு உள் முட்டைவிட ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் கீழே இறங்கியிருக்கும், கொஞ்சம் பின்னாலும் தள்ளியிருக்கும். ஆகப் பாதம் வெளிப்பக்கம் சாய நினைத்தால் நீளமான ஃபிபுலா வழியை மறிக்கிறது. உள்பக்கம் சாய்ந்தால் மறிக்க அவ்வளவு எலும்பு இல்லை.

கட்டி வைத்திருக்கும் லிகமென்ட்டும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இல்லை. உள்பக்கம் இருப்பது விசிறி மாதிரி அகலமாகப் பரவிய டெல்டாய்டு, பயங்கர உறுதி. அதை ரொம்ப இழுத்தால் லிகமென்ட் அறுவதற்கு முன்பு எலும்பின் நுனி பெயர்ந்து வருவதுகூட உண்டு. வெளிப்பக்கம் தனித்தனியாக மூன்று பட்டை. முன்னால் ஃபிபுலாவிலிருந்து டாலஸுக்குப் போவதுதான் மூன்றிலும் பலவீனமானது, முதலில் போவதும் அதுதான். உங்களுக்கு வீங்கிய இடத்தைச் சொன்னீர்களே, அதே இடம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் டாலஸின் வடிவம். மேலிருந்து பார்த்தால் முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல், ஆப்பு மாதிரி. பாதத்தை மேலே தூக்கினால் அகலமான பக்கம் இடுக்கிக்குள் ஏறி இறுகிக்கொள்ளும், அப்போது கணுக்கால் அசையாது. நுனிக்காலைக் கீழே நீட்டினால் குறுகலான பக்கம் உள்ளே வருகிறது, கொஞ்சம் ஆட்டம் இருக்கும். நீங்கள் இல்லாத தரையைத் தேடிக் காலை இறக்கியபோது பாதம் எப்படி இருந்திருக்கும்? நுனி கீழே நோக்கித்தான். படி இறங்கும்போதும், குதித்துத் தரையில் இறங்கும்போதும், குதிகால் உயர்ந்த செருப்பிலும் பிசகுவது இதனால்தான்.

அந்த டாலஸில் ஒரு தசைகூட ஒட்டியிருக்காது. சுற்றியிருக்கிற எலும்புகளின் பிடியிலும் லிகமென்ட்டிலும்தான் அது நிற்கிறது.

---

கோட்டோவியன்:

படம் வரைகிறவன் என்ற முறையில் ஒரு வரி. ஆரம்பத்தில் நான் வரைந்த கால்கள் எல்லாம் மேசைக்கால் மாதிரியே இருக்கும், என்ன தப்பு என்று மாதக்கணக்கில் பிடிபடவில்லை. இரண்டு முட்டையும் ஒரே மட்டத்தில் வைத்துக்கொண்டிருந்தேன். "உள்ளே உயரம், வெளியே தாழ்வு" என்று ஒரு சாய்கோடு போட ஆரம்பித்த அன்றைக்குத்தான் பாதம் பாதமாக வந்தது. கெண்டைக்காலில் இதற்கு நேர்மாறு, வெளிப்பக்கச் சதை மேலேயே முடிந்துவிடும், உள்பக்கம் கொஞ்சம் கீழே வரைக்கும் வரும். கண்ணாடி முன்னால் நுனிக்காலில் நின்று பின்பக்கம் திரும்பிப் பாருங்கள்.

---

சும்மா_வந்தவன்:

இவ்வளவு எதற்கு? நரம்பு பிசகி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். நன்றாக அழுத்தி நீவி விட்டால் தன் இடத்துக்குப் போய்விடும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அப்படித்தான் சரியானது.

---

இரண்டாமாண்டு:

சும்மா_வந்தவன் அண்ணா, நரம்பு ஏறுவதெல்லாம் இல்லை. பிரச்சினை அந்தச் சொல்லில்தான். நாம் மூளையிலிருந்து வருவதையும் நரம்பு என்கிறோம், கையில் பச்சையாகத் தெரியும் ரத்தக்குழாயையும் நரம்பு என்கிறோம், குதிகாலுக்கு மேல் கயிறு மாதிரி இருக்கும் டென்டனையும் குதிகால் நரம்பு என்கிறோம். நீவிவிட்டுச் சரியானவர்களுக்கு நீவாமல் விட்டிருந்தாலும் சரியாகியிருக்கும், லேசான சுளுக்கு தானாக ஆறிவிடும். புதிதாகக் கிழிந்த இடத்தை முதல் நாளே அழுத்தித் தேய்த்தால் வீக்கம்தான் கூடும்.

ஜவ்வும் இதே கேஸ்தான். முழங்காலில் ஜவ்வு என்றால் இரண்டில் ஒன்று. தொடை எலும்புக்கும் டிபியாவுக்கும் நடுவில் பிறை வடிவத்தில் மெத்தை மாதிரி இரண்டு மெனிஸ்கஸ் இருக்கிறது, அதையும் ஜவ்வு என்பார்கள். உள்ளே ஒன்றையொன்று குறுக்காக வெட்டிப் போகும் இரண்டு லிகமென்ட்டையும் ஜவ்வு என்பார்கள். யாராவது முழங்கால் ஜவ்வு போய்விட்டது என்றால் எது என்று கேட்டுக்கொள்ள வேண்டும், வைத்தியம் வேறு வேறு. கணுக்காலில் மெனிஸ்கஸ் கிடையாது, அதனால் உங்களுக்குப் போனது லிகமென்ட். எலும்பையும் எலும்பையும் கட்டுவது லிகமென்ட், தசையை எலும்போடு கட்டுவது டென்டன், அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். நாம் கணுக்கால் என்று ஒரே மூட்டாக நினைப்பது உண்மையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு மூட்டு. இடுக்கிக்கும் டாலஸுக்கும் நடுவில் இருப்பது பாதத்தை மேலும் கீழும் ஆட்டும். டாலஸுக்கும் அதன் அடியில் இருக்கும் குதிகால் எலும்புக்கும் நடுவில் இருப்பதுதான் உள்ளங்காலை உள்பக்கமும் வெளிப்பக்கமும் திருப்பும். குதிகாலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், அசைவது முட்டுக்குக் கீழே என்று தெரியும். பாதத்தை வட்டமாகச் சுழற்றும்போது இரண்டும் மாறி மாறி வேலை செய்கின்றன, நடுப்பாதத்து மூட்டுகளும் கூடவே கொஞ்சம் கொடுக்கும்.

ஒரு பாதத்தில் 26 எலும்பு. இரண்டுக்கும் 52. மொத்த உடம்பில் 206 என்றால், கணக்குப் போட்டுப் பார்த்தால் எலும்பில் கால் பங்கு காலடியில்தான் இருக்கிறது (தேர்வுக்குப் படிக்கும்போது இப்படித்தான் மனதில் ஏற்றினேன், சிரிக்காதீர்கள்).

---

நொண்டிக்குதிரை:

அருமை. குதிகாலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், சொன்ன மாதிரியே முட்டுக்குக் கீழேதான் அசைகிறது. ஆனால் ஒரு கேள்வி பாக்கி. முதல் முறை சரி, மூன்று முறையும் அதே கால் என்றால்? அப்புறம் அந்தக் குந்தி உட்காரும் விஷயம்.

---

இயன்முறைக்காரி:

லிகமென்ட் வெறும் கயிறு இல்லை. மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்முனைகள் அதற்குள் இருக்கின்றன. கிழிந்தால் அந்தத் தகவலும் மங்கிவிடும். வலி போய்விட்டது என்று கட்டை அவிழ்த்துவிட்டு எல்லோரும் ஓட ஆரம்பித்துவிடுகிறார்கள், இது மட்டும் திரும்பி வந்திருக்காது. சுவரை ஒட்டி நின்று, கை எட்டும் தூரத்தில் பிடிமானம் வைத்துக்கொண்டு, இடது காலில் மட்டும் கண்ணை மூடி நில்லுங்கள், பிறகு வலது. எத்தனை நொடியில் தள்ளாடுகிறீர்கள் என்று எண்ணுங்கள். வலதில் சீக்கிரம் விழப் பார்த்தால் மூன்று முறை பிசகியதற்கு அதுவும் ஒரு காரணம். அதையே தினமும் பழகினால் சரியாகும்.

இதில் தசைக்கும் பங்கு உண்டு. வெளி முட்டுக்குப் பின்னால் விரலை வைத்துப் பாதத்தை வெளிப்பக்கமாகத் திருப்புங்கள், இரண்டு டென்டன் விரலில் தட்டும். பெரோனியஸ் தசைகளுடையவை. ஒன்று சுண்டுவிரல் பக்கம் பாத ஓரத்தில் ஒரு மேடு இருக்கிறதே, அங்கே போய் ஒட்டுகிறது. இன்னொன்று உள்ளங்காலுக்கு அடியில் குறுக்காகப் போய்ப் பெருவிரல் பக்கத்து நீள எலும்பின் அடியில் முடிகிறது. பாதம் உள்ளே மடங்கும்போது இழுத்துப் பிடிக்க வேண்டியவை இவைதான். இவற்றுக்குப் பலம் ஏற்ற ரப்பர் பட்டைப் பயிற்சி செய்யலாம்.

குந்துவது வேறு பிரச்சினை. நீங்கள் நேராக நின்று, பிறகு முழங்காலை மடக்கி, இரண்டு விதத்திலும் பாதத்தை எவ்வளவு மேலே தூக்க முடிகிறது என்று பாருங்கள். கெண்டைக்கால் சதையில் மேலே இருப்பது காஸ்ட்ரோநீமியஸ், அது முழங்காலுக்கு மேலே தொடை எலும்பில் தொடங்கி இரண்டு மூட்டைத் தாண்டிக் குதிகாலுக்குப் போகிறது. முழங்காலை மடக்கினால் அது தளர்ந்துவிடும். அடியில் இருக்கும் சோலியஸ் முழங்காலுக்குக் கீழேயே தொடங்குகிறது, முழங்கால் எப்படி இருந்தாலும் அதற்குக் கவலை இல்லை. குந்தும்போது முழங்கால் முழுக்க மடங்கித்தானே இருக்கிறது? அப்போதும் குதிகால் தூக்கினால் பிடித்து இழுப்பது காஸ்ட்ரோநீமியஸ் இல்லை, சோலியஸ் அல்லது மூட்டின் முன்பக்க இறுக்கம். ஆறு வாரம் கட்டுப்போட்ட காலில் இரண்டும் சகஜம். எனவே சுவரில் கை வைத்துக் கெண்டைக்காலை இழுக்கும்போது முழங்காலை நேராக வைத்து ஒரு முறை, மடக்கி வைத்து ஒரு முறை என்று செய்யுங்கள். எல்லோரும் நேராக வைத்து மட்டும் செய்துவிட்டுப் பலன் இல்லை என்பார்கள்.

நான்காவது முறை நடந்தால் (நடக்க வேண்டாம்) எக்ஸ்ரே வேண்டுமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. 1992-ல் கனடாவின் ஒட்டாவாவில் உருவாக்கிய விதிகள், இன்றைக்கும் உலகம் முழுக்கப் பயன்படுகின்றன. கணுக்கால் வலியோடு இரண்டு முட்டில் எதன் நுனியிலாவது, அல்லது அதன் பின்விளிம்பில் கீழ் 6 சென்டிமீட்டருக்குள், எலும்பை அழுத்தினால் வலிக்கிறதா? நடுப்பாத வலியோடு அந்தச் சுண்டுவிரல் பக்க மேட்டிலோ, உள் ஓரத்தில் இருக்கும் நாவிகுலர் எலும்பிலோ அழுத்தினால் வலிக்கிறதா? விழுந்த உடனேயும் ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகும் நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லையா? இதில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

---

நொண்டிக்குதிரை:

கண்ணை மூடி நின்றேன். இடதில் 20 எண்ணும் வரை நின்றேன், வலதில் 6-க்குள் சுவரைப் பிடித்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. முழங்காலை மடக்கினாலும் நீட்டினாலும் வலது பாதம் ஒரே அளவுதான் மேலே வருகிறது.

கடைசியாக ஒன்று, பயமாக இருப்பதால் கேட்கிறேன். வெளி முட்டுக்கு முன்னால், கொஞ்சம் கீழே, புறங்காலில் மெத்தென்று ஒரு மேடு இன்னும் இருக்கிறது. வலிக்கவில்லை. வீக்கம் முழுக்க வடியவில்லையா?

---

இரண்டாமாண்டு:

விரல்களை மேல்நோக்கி மடக்கிக்கொண்டு அந்த மேட்டைத் தொட்டுப் பாருங்கள், கெட்டியானால் அது வீக்கம் இல்லை. விரல்களைத் தூக்குகிற குட்டித் தசை, எக்ஸ்டென்சர் டிஜிடோரம் பிரெவிஸ். பாதத்தின் மேல்பக்கம் வயிறு மாதிரி உப்பியிருக்கும், சுளுக்கு வந்த பிறகுதான் நிறையப் பேர் அதை முதல் முறையாகக் கவனிக்கிறார்கள். இடது காலிலும் தடவிப் பாருங்கள்.

---

நொண்டிக்குதிரை:

கெட்டியாகிறது. இடது காலிலும் இருக்கிறது. இத்தனை நாள் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தேன் அதற்கு.