பாஞ்சாலங்குறிச்சியின் உண்மையை யார் எழுதுவது?

கேள்வி: பாளை ஆசிரியை

பாளையங்கோட்டையில் மேல்நிலை வகுப்புகளுக்கு வரலாறு நடத்துகிறேன். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மனைக் கும்பினியின் (ஆங்கிலக் கிழக்கிந்திய நிறுவனத்தின்) காகிதங்கள் கலகக்காரர் என்கின்றன. எங்கள் பாடநூல் விடுதலை வீரர் என்கிறது. ஆட்சி மாறியதால்தான் உண்மை மாறியது என்றால், நாளை வேறோர் ஆட்சி வந்தால் இதுவும் மாறுமா என்று மாணவி ஒருத்தி கேட்டாள். அக்கேள்வியைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அதிகாரம் உள்ளவர்கள் சொல்வதையே சமூகம் உண்மையென ஏற்கிறது என்பது எவ்வளவு தூரம் சரி?

பதில்: ஓட்டப்பிடாரம் வாசகர்

வணக்கம் அம்மா. அதிகாரம் பொய்யை எழுதித் தருகிறது என்பதைவிட, எது சான்று, எது வெறும் பேச்சு என்று பிரித்து வைக்கிறது என்பதே பொருந்தும். 1801இல் கும்பினியுடனான இரண்டாம் போர் முடிந்ததும் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள்; அந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். அப்போரில் இறந்த வெள்ளையருக்கு அங்கே கல்லறைகள் இருக்கின்றன. எதிர்த்து நின்று மடிந்த நம்மவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லும் இல்லை, காகிதமும் இல்லை. அவர்கள் கதைப்பாடல்களில்தான் வாழ்ந்தார்கள். 1881இல் திருநெல்வேலியின் வரலாற்றை எழுதிய கால்டுவெல் பெரிதும் சார்ந்திருந்தது கும்பினி ஆவணங்களையே. நாங்குநேரியைச் சேர்ந்த நா. வானமாமலை போன்றவர்கள் தொகுத்துப் பதிப்பித்த பிறகுதான் அந்தப் பாடல்களை ஆய்வுலகம் பரவலாகப் பொருட்படுத்தியது. பாடியவர்கள் அதற்கு முன்பும் அதைத்தான் பாடிக்கொண்டிருந்தார்கள்.

பதில்: எட்டயபுரத்தான்

அண்ணாச்சி எழுதியதை ஏற்கிறேன். ஆனால் வெள்ளையரோடு நிறுத்திவிடக் கூடாது. கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தவர் யார் என்று எந்தத் தெருவில் கேட்டாலும் எட்டப்பன் என்றே விடை வரும். கட்டபொம்மன் பிடிபட்டது புதுக்கோட்டைத் தொண்டைமானின் எல்லைக்குள். பிடித்து ஒப்படைத்தவர்களும் தொண்டைமானின் ஆட்களே. எட்டப்பனின் எட்டயபுரம் கும்பினிக்குத் துணை நின்றதும், பாஞ்சாலங்குறிச்சி நிலத்தில் பங்கு பெற்றதும் உண்மை. அந்தப் பழியை நான் மறைக்க வரவில்லை. இருந்தும், மேடைப்பேச்சும் திரைப்படமும் எட்டப்பனையே துரோகத்தின் முகமாக நிலைநிறுத்திவிட்ட பிறகு, ஆவணத்தை எடுத்துக் காட்டினாலும் நின்று கேட்பவர் சிலரே. இதை எந்த அரசும் ஆணையிட்டுச் செய்யவில்லை.

பதில்: சங்கரன்கோவில் வழக்கறிஞர்

கமுதி வழக்கையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். 1897இல் நாடார் சமூகத்தார் கமுதிக் கோயிலுக்குள் நுழைந்ததை எதிர்த்து இராமநாதபுரம் சேதுபதி வழக்குத் தொடுத்தார். 1899இல் தீர்ப்பு நாடார்களுக்கு எதிராக வந்தது. அதே ஆண்டில்தான் அன்று திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த சிவகாசியில் பெருங்கலவரம் மூண்டது. 1908இல் அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான இலண்டன் பிரிவி கவுன்சிலும் அத்தீர்ப்பை உறுதி செய்தது. தொன்றுதொட்டு நிலவும் வழக்கம் எது என்பதே நீதிமன்றத்தின் முன் நின்ற கேள்வி. அவர்களை உள்ளே விடாமல் வைத்திருந்த காலத்தின் நீளமே, இனியும் விடக் கூடாது என்பதற்குச் சான்றாயிற்று. வழக்கத்தை உண்டாக்கும் வலிமை யாரிடம் இருந்ததோ அவர்களுக்கே அதை நிரூபிக்கவும் எளிதாக இருந்தது. 1939இல் ஆலய நுழைவுச் சட்டம் வந்த பிறகு அந்தத் தொன்மை சட்ட வலிமையை இழக்கத் தொடங்கியது.

அதற்குள் அச்சமூகம் வணிகத்தில் வளர்ந்து, பள்ளிக்கூடங்கள் கட்டி, தம்மைப் பற்றிப் பிறர் எழுதியவற்றை அச்சிலேயே மறுக்கும் நிலைக்கு வந்திருந்தது. அத்தகைய வலிமை வாய்க்காத சமூகங்களின் மறுப்பு எங்கே பதிவாகியிருக்கிறது என்று தேடினால் கிடைப்பது மிகக் குறைவு. என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

பதில்: ஓட்டப்பிடாரம் வாசகர்

ஆசிரியை அம்மாவுக்கு இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். எல்லாம் அதிகாரம் எழுதியதுதான் என்று அந்த மாணவியிடம் சொல்லிவிட வேண்டாம். 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சன் கட்டபொம்மனைச் சந்தித்தபோது நேர்ந்த மோதலை விசாரித்த கும்பினிக் குழு, ஜாக்சனின் நடத்தையையே குறை கண்டது. அவர் பதவியும் போயிற்று. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையை எதிர்த்துப் போரிட்ட வெல்ஷ் என்ற படை அதிகாரியே, 1830இல் வெளியிட்ட தம் நினைவுகளில் அவரை வியந்து எழுதினார். புதுக்கோட்டைச் செய்தியும் கும்பினிக் காகிதத்தில் உள்ளதுதான். எங்கே பிடிபட்டார், எங்கே தூக்கிலிடப்பட்டார், யார் நிலம் பெற்றார் என்பவை எந்த ஆட்சி வந்தாலும் மாறா. நடந்ததைக் கலகம் என்பதா, விடுதலைப் போர் என்பதா என்பதில்தான் ஆட்சியின் கை படிகிறது. ஜாக்சன் சந்திப்பைக் கும்பினி ஆவணத்திலும் கதைப்பாடலிலும் அருகருகே வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளைப் பாஞ்சாலங்குறிச்சிக்கு அழைத்து வந்தால், இப்போது அங்கே நிற்கும் கோட்டை 1974இல் தமிழக அரசு எழுப்பியது என்பதையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.