வரலாற்று வகுப்பில் புகைப்படம்: ஊகத்திலிருந்து சான்றுக்கு மாணவர்களை நகர்த்துவது எப்படி?

கேள்வி

வணக்கம். நான் எட்டாம் வகுப்புக்கு வரலாறு கற்பிக்கிறேன். புதிய பாடத்தைத் தொடங்கும்போது பழைய புகைப்படம் ஒன்றைத் திரையில் காட்டி, "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று கேட்பது என் வழக்கம். மாணவர்கள் ஆர்வத்தோடு கை தூக்குகிறார்கள். ஆனால் ஒரு முகத்தைக் கண்டதும் "இவர் கொடியவர்" என்கிறார்கள்; கிழிந்த சட்டையைப் பார்த்தவுடன் முழுக் கதையையே கட்டிவிடுகிறார்கள். நான் பொறுமையிழந்து சரியான விடையைச் சொன்னதும் பேச்சு அடங்கிவிடுகிறது. ஆர்வத்தைக் குலைக்காமல், சான்றைக் காட்டி முடிவு சொல்லும் பழக்கத்தை எப்படி ஏற்படுத்துவது?

பதில் 1

கேள்வியை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். முதல் இரண்டு நிமிடம் யாரும் பேசாமல் பார்க்கட்டும்; பிறகு கண்ணில் படுவதை மட்டும் சொல்லட்டும். "காலில் செருப்பு இல்லை" என்பது காண்பது, "ஏழை" என்பது முடிவு. முடிவு சொல்பவரிடம் "எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று மட்டும் கேளுங்கள்.

நான் முதலில் காட்டுவது, புகைப்படக்கலையின் முன்னோடிகளில் ஒருவரான லூயி தாகேர் 1838இல் பாரிஸ் நகர வீதி ஒன்றை உயரத்திலிருந்து எடுத்த படம். வீதி வெறிச்சோடிக் கிடப்பதால், ஊரே காலியாகிவிட்டது என்றுதான் பெரும்பாலானோர் சொல்வார்கள். சற்று நேரத்தில் யாரேனும் ஒருவர், ஒரு காலை உயர்த்தி நின்று காலணிக்கு மெருகேற்றிக்கொள்ளும் மனிதரைக் கண்டுபிடித்துவிடுவார். இவர் மட்டும் ஏன் இருக்கிறார் என்ற கேள்வியை மாணவர்களே எழுப்புவார்கள். அன்றைய முறையில் ஒரு படம் பதியப் பல நிமிடங்கள் ஆனதால், நகர்ந்துகொண்டிருந்த மனிதர்களும் வண்டிகளும் பதியவில்லை. ஓரிடத்தில் நின்றவர் பதிந்தார். படத்தில் இல்லாதது அந்த இடத்திலும் இல்லை என்று கொள்ளக் கூடாது என்பதை அதன்பின் நான் விளக்கவே வேண்டியிருப்பதில்லை.

பதில் 2

மேற்சொன்னதோடு உடன்படுகிறேன், ஆனால் படத்தையே ஐயுறவும் கற்பிக்க வேண்டும். ரஷ்யாவை எதிர்த்து பிரிட்டனும் பிரான்ஸும் பிறரும் நடத்திய கிரிமியப் போரின்போது, 1855இல், ரோஜர் ஃபென்டன் என்ற புகைப்படக்காரர் ஒரே பள்ளத்தாக்கை ஒரே இடத்தில் நின்று இருமுறை எடுத்தார். ஒன்றில் பாதையெங்கும் பீரங்கிக் குண்டுகள் சிதறிக் கிடக்கின்றன. மற்றதில் பாதை வெறுமையாக இருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்து, எது முதலில் எடுக்கப்பட்டது என்று கேளுங்கள். மாணவர்கள் முதலில் குண்டுகளையே பார்ப்பார்கள். விடையோ சரிவிலுள்ள சிறு கற்களில் இருக்கிறது: குண்டுகள் கிடக்கும் படத்தில் சில கற்கள் சற்றுக் கீழே உருண்டிருக்கின்றன, கற்கள் தாமாக மேலே ஏறுவதில்லை. ஆகவே வெறும் பாதைதான் முந்தையது. குண்டுகளைப் பாதையில் வைத்தது யார், எதற்காக என்ற விவாதத்துக்கு ஒரு முழுப் பாடவேளையை ஒதுக்கிவையுங்கள்.

பதில் 3

ஒரு மாற்றுக் கருத்து. மனிதரின் துயரத்தைக் காட்டும் படங்களில், படத்தோடு வரும் விளக்கக் குறிப்பை நெடுநேரம் மறைத்து வைப்பதை நான் ஏற்பதில்லை. அவரைப் பற்றிய ஊகம் விளையாட்டாகிவிடும். குழந்தைத் தொழிலாளரைப் படமெடுத்த லூயிஸ் ஹைன் தம் படங்களுக்கு விரிவான குறிப்புகளும் எழுதினார். 1908இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநில நூற்பாலை ஒன்றில் எடுத்த சிறுமியின் படத்துக்கு, அவள் உயரம் 51 அங்குலம் என்றும், வயதைக் கேட்டபோது தயங்கி, நினைவில்லை என்றும், பிறகு தனக்கு வேலை செய்யும் வயதாகவில்லை, ஆனாலும் செய்வதாகவும் கூறினாள் என்றும் எழுதியிருக்கிறார். இதை வாசித்தபின் மாணவர்கள் படத்தை மறுபடியும் பார்க்கிறார்கள். வயதை எழுதாமல் உயரத்தை ஏன் அளந்தார் என்று கேட்கிறார்கள். இங்கே குறிப்புதான் ஆர்வத்தைத் தூண்டுகிறது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. பொறுமையின்றி விடையைச் சொல்லி நானே தேடலை முடித்துவைத்திருக்கிறேன் என்பது புரிகிறது. அடுத்த வாரம் பாரிஸ் வீதியிலிருந்து தொடங்கி, கூழாங்கற்களை அதற்கடுத்த வகுப்பில் எடுத்துக்கொள்கிறேன். சிறுமியின் படத்தைக் குறிப்போடு சேர்த்தே காட்டுவேன்.